கப்பலில் ஓர் அறை

'ஸஃபர்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். திரை விலகுதல், வெளிப்படுதல் என்னும் பொருள்களும் அதன் வேரிலே உண்டு. பயணம் மனிதர்களின் குணத்தை வெளிப்படுத்திவிடுவதால்தான் அதற்கு அப்பெயர் வாய்த்தது என்று அரபு மொழியறிஞர் கூறுவர். அச்சொல் நம் தஞ்சைத் தரணியின் கரையில் வந்து இறங்கியபோது 'சபர்' என்று உருமாறியது. பொருளிலும் சற்றே குறுகிற்று. நாகூரிலோ, முத்துப்பேட்டையிலோ, அதிராம்பட்டினத்திலோ, வயல்களுக்கு நடுவே இருக்கும் கூத்தாநல்லூரிலோ ஒருவர் 'சபரில் இருக்கிறார்' என்று சொன்னால், அவர் கும்பகோணத்துக்குப் போயிருக்கிறார் என்று எவரும் எண்ணுவதில்லை. பொருள் தேடிக் கடல் கடந்திருக்கிறார் என்பதே கருத்து. அவ்வாறு சென்று மீள்பவர் 'சபுராளி'. 'கப்பலுக்குப் போதல்' என்னும் வழக்கும் இத்தகையதே. கப்பலுக்குப் போனவர் எவரும் கப்பலுக்காகப் போனவரல்லர். அக்கரையில் ஒரு கடையோ, ஒரு முதலாளியோ, ஒரு கூலியோ அவருக்காகக் காத்திருந்தது. கப்பல் இடையில் கழிக்க வேண்டிய சில நாள்கள், அவ்வளவே.

இப்போது வேறொரு வகை ஆசை நம் வீடுகளில் தலைகாட்டியிருக்கிறது. நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர், திருவாரூருக்கு அருகே சிறிதளவு நிலம் வைத்துப் பயிர் செய்பவர், தம் கைப்பேசியில் சில படங்களை நமக்குக் காட்டினார். நூறு அல்லது இருநூறு பேரை மட்டுமே ஏற்றிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றிவரும் சிறு கப்பல்கள்; அறைதோறும் கடலை நோக்கிய சாளரம். "ஹஜ்ரத், இதில் ஒருமுறை போய்வர எத்தனை போகம் விளைய வேண்டும்?" என்று அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஏக்கம் இருந்தது. அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் விடவில்லை: "நம் பாட்டன்மார் டெக்கில் பாய் விரித்துப் பினாங்குக்குப் போனார்கள். உங்களுக்கு அறை கேட்கிறதோ?" என்றார்.

முதியவரின் சொல்லில் பெருமிதம் உண்டு, அது நியாயமானதே. எனினும் கப்பலில் ஓர் அறை வேண்டும் என்னும் ஆசை இன்றைய விளம்பரங்கள் பெற்றெடுத்த பிள்ளை என்று அவர் கருதுவாரேல், அதை நாம் ஏற்பதற்கில்லை. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

ஏறத்தாழ 1342ஆம் ஆண்டளவில், தில்லிச் சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீன தேசத்துக்குப் புறப்பட்ட இப்னு பதூதா, கோழிக்கோட்டுத் துறையில் கப்பலுக்காக மூன்று மாதம் காத்திருந்தார். துறையில் 13 சீனக் கப்பல்கள் நின்றன. அவற்றைப் பற்றி அவர் தம் 'ரிஹ்லா'வில் எழுதியிருப்பது, இன்றைய கப்பல் நிறுவனங்களின் வண்ணத்தாள்களைத் தோற்கடிக்கும். ஒரு பெருங்கப்பலில் நான்கு தட்டுகள். ஆயிரம் பணியாளர், அவர்களில் 600 பேர் மாலுமிகள், 400 பேர் போர்வீரர். மாலுமிகளின் பிள்ளைகள் கப்பலிலேயே வசித்தனர். மரத்தொட்டிகளில் கீரையும் காய்கறியும் இஞ்சியும் பயிரிட்டனர். வணிகர்களுக்கென்று 'மிஸ்ரிய்யா' என்னும் அறைத்தொகுதிகள் இருந்தன. மக்ரிப் நாட்டு வழக்கில் வீட்டின் மேல்மாடத்துத் தனியறைக்கு அப்பெயர் உண்டு; தம் ஊரில் பழகிய சொல்லைக் கொண்டே அவர் கடலின் அறையையும் குறித்தார். மிஸ்ரிய்யாவில் உள்ளறைகள் உண்டு, கழிப்பிடம் உண்டு, பூட்டுவதற்குச் சாவி உண்டு. உள்ளே சென்று பூட்டிக்கொண்டவர் கப்பலில் இருக்கிறாரா இல்லையா என்பதே, ஏதேனும் ஓர் ஊரில் சந்திக்கும் வரையில், உடன் பயணம் செய்பவர்களுக்குத் தெரியாமல் போகலாம் என்கிறார்.

பட்டுத் திரைகளையும் பொன் விளக்குகளையும் அவர் வருணிக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அவர் கண்ணில் பட்டவை கழிப்பிடமும் சாவியுமே. உலகத்தின் பாதியைச் சுற்றிய ஒரு மனிதர், கடல் பயணத்தில் எது அரிது என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தார்.

அவருக்கும் அறை கிடைக்கவில்லை. தம்முடைய அடிமைப் பெண்டிருடன் தனித்திருக்க ஒரு மிஸ்ரிய்யா வேண்டும் என்று கப்பல் முகவரான சுலைமான் என்னும் ஷாம் தேசத்தவரிடம் கேட்டார் (அக்காலத்தின் வழக்கம் அது, நாம் அதைப் போற்றவில்லை). சீன வணிகர்கள் போகவும் வரவும் சேர்த்து எல்லா அறைகளையும் முன்னரே பிடித்துவிட்டார்கள் என்று பதில் வந்தது. முகவரின் மருமகனுக்கு உரிய ஓர் அறை மட்டும் உண்டு. ஆனால் அதில் கழிப்பிடம் இல்லை. சுல்தானின் தூதருக்கே இந்த நிலை! பொருள்களை ஏற்றிய பிறகு, அந்த அறை குறுகலாக இருக்கிறது, தகுதியானதாக இல்லை என்று பணியாள் வந்து முறையிட்டார். பெருங்கப்பலை விட்டு 'ககம்' என்னும் சிறிய வகைக் கப்பலுக்கு மாறினால் வசதியான இடம் கிடைக்கும் என்றார் மாலுமித் தலைவர். நம் ஊர்க் காகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. சீனக் கப்பல் வகைகளுள் சிறியதன் பெயர் அது. இப்னு பதூதா இசைந்தார். உடைமைகளும் உடன் வந்தோரும் சிறு கப்பலுக்கு மாற்றப்பட்டனர். அவர் மட்டும் ஜும்ஆத் தொழுகைக்காகக் கரையில் தங்கினார்.

அதன்பின் கடல் கொந்தளித்தது. சுல்தானின் அன்பளிப்புகளைச் சுமந்த பெருங்கப்பல் இரவில் கரையோரம் மோதி உடைந்தது. உடன் வந்த தூதர்கள் மாண்டனர். அதைக் கண்ட சிறு கப்பலின் மாலுமிகள் பாய்களை விரித்து அவரை விட்டுவிட்டே போய்விட்டனர். கரையில் நின்ற தூதரிடம் எஞ்சியவை பத்து தீனாரும், தாம் படுத்திருந்த விரிப்புமே. பிறகு மாலத்தீவு, இலங்கை என்று அலைந்து, நம் மஅபர் கரையருகே மீண்டும் ஒருமுறை கப்பல் தட்டி, மதுரைச் சுல்தானிடம் வந்து சேர்ந்தார் என்பது வேறு கதை.

இது தூதரின் நிலை. கையில் காசில்லாதவரின் நிலை என்ன? அதற்கு அவருக்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்னே செல்ல வேண்டும். 1183ஆம் ஆண்டில் அந்தலூஸிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், செங்கடலின் அய்தாபு துறையில் கண்டதை மனம் கசந்து எழுதினார். கயிற்றால் தைத்த படகுகளில், கூட்டில் கோழிகளை அடைப்பது போல ஹாஜிகள் ஒருவர்மேல் ஒருவராக அடைக்கப்பட்டனர். படகின் விலையை ஒரே நடையில் ஈட்டிவிட வேண்டும் என்பது உடையவரின் கணக்கு. ஏறியவரின் உயிர் அந்தக் கணக்கில் வரவில்லை. மறு ஆண்டு திரும்பும் வழியில் அவர் ஏறிய பெருங்கப்பல் சிசிலித் தீவின் மெஸ்ஸீனா அருகே தரை தட்டிற்று. கரையிலிருந்து படகுகள் வந்தன. ஆனால் ஏற்றிச் செல்லப் படகோட்டிகள் பெருந்தொகை கேட்டனர். தொகை கொடுக்க வழியற்ற ஏழை முஸ்லிம்கள் உடைந்த கப்பலின் மேல் நின்றபடி கரையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அவ்வூரில் அப்போது தங்கியிருந்த கிறிஸ்தவ மன்னர் வில்லியம் அந்நிலையைக் கேள்வியுற்று, அவர்களை இறக்கிவிடத் தம் நாணயத்தில் நூறு ருபாயீ கொடுக்கச் செய்தார். அந்த நூறு நாணயங்களைக் குறித்துவைக்க இப்னு ஜுபைர் மறக்கவில்லை.

அறை தேடிய தூதரும், படகுக் கூலியில்லாத ஹாஜியும் அரபு ஏடுகளில் இவ்வாறு பதிவாகிவிட்டனர். நம் கரையிலிருந்து போனவர்கள் பெரும்பாலும் எதையும் எழுதிவைக்கவில்லை. அவர்கள் போன தடத்தைக் கட்டடங்களில்தான் தேட வேண்டும்.

நாகூர் நாயகம் ஷாஹுல் ஹமீது அவர்கள் நடுக்கடலில் தத்தளித்த கப்பலின் ஓட்டையைத் தம் கையிலிருந்த கண்ணாடியால் அடைத்தார்கள் என்று மக்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பிய பெரிய மனாரா 131 அடி உயரம்; கடலில் வருவோர் கண்ணுக்குக் கரை தெரியுமுன் அது தெரியும். கந்தூரியின் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதம் இன்றும் தெருவில் உருள்கிறது. கப்பலை நம்பி வாழ்ந்த ஊர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 1786ல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவினார். 1794ல் அவர் எழுதிய குறிப்பின்படி, சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆடவரைக் கொண்டுவந்தன. அவர்கள் வணிகத்தாலும் உடலுழைப்பாலும் சிறிது பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, அவர்களுடைய இடத்துக்கு வேறு சிலர் வந்தனர். அங்கே அவர்களைச் 'சூலியர்' என்றனர். பினாங்கில் சூலியாத் தெருவிலும், சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவிலும் நாகூர் தர்காவின் நினைவாகக் கட்டப்பட்ட தர்காக்கள் இன்றும் நிற்கின்றன. சிங்கப்பூரில் உள்ளது 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்தது. பாய்மரக் கப்பலின் மேல்தட்டில், துணிப் பொதிகளின் இடுக்கில் உறங்கி, உயிரோடு கரையேறியவர்கள் முதலில் கட்டியவற்றுள் அவையும் அடங்கும்.

பின்னர் நீராவி வந்தது. 1861ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கும், 1862ல் திருச்சிராப்பள்ளிக்கும் இருப்புப்பாதை போடப்பட்டது. அதன்பின், வெண்ணாற்றங்கரையில் அறுவடை முடித்தவர் ரயிலேறிக் கப்பலடிக்கு வந்துவிடலாம் என்றாயிற்று. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள் சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆளெடுத்து, பினாங்கு, கிள்ளான் துறை, சிங்கப்பூர் என்று சென்றன. அவற்றுள் நம் வீடுகளில் பெயர் சொன்னாலே முதியோர் நிமிர்ந்து உட்காரும் கப்பல் ஒன்று உண்டு: 'ரஜூலா'. கிளாஸ்கோ நகரில் 1926ல் கட்டப்பட்டது. அதன் உடன்பிறப்பான 'ரோணா' 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய விமானத் தாக்குதலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் படைவீரருடன் மூழ்கிற்று. ரஜூலா போரைக் கடந்து பிழைத்து, 1973 வரை ஓடிற்று.

தொடக்க காலத்தில் ரஜூலாவில் ஏற்ற அனுமதிக்கப்பட்ட டெக் பயணிகளின் தொகை 5,000க்கு மேல். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு அறைகளோ மிகச் சில. இவ்விரண்டு எண்ணிக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே அக்காலக் கப்பலின் இயல்பு விளங்கிவிடும். அது பல்லாயிரவரை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாற்றும் பரிசல். மேலே ஓர் ஓரத்தில் துரைமாருக்கும் பெருவணிகருக்கும் சில அறைகள்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்பதில்லை. ஆழம் போதாமையால் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளும் பெட்டிகளும் தோணிகளில் அலையைக் கடந்து சென்று, கப்பலின் பக்கவாட்டில் ஏற வேண்டும். ஏறியதும் முதல் வேலை இடம் பிடிப்பது. காற்று வரும் மூலை, கித்தான் நிழல் படும் இடம், கழிப்பிடத்தின் நாற்றம் எட்டாத தூரம் என்று அனுபவசாலிகள் பார்த்துப் பாயை விரிப்பார்கள். பாய் விரித்த இடமே ஐந்தாறு நாளுக்கு வீடு. பெட்டி சுவராகும். ஓர் ஊர்க்காரர்கள் ஒன்றாகப் படுப்பார்கள், ஜமாஅத்தாகத் தொழுவார்கள், முதல்முறை வருபவருக்குப் பழைய சபுராளி மலாய் மொழியின் நூறு சொற்களை இறங்குவதற்குள் கற்றுக்கொடுத்துவிடுவார். டெக்கில் இருந்த தோழமை அறையில் இல்லை என்று முதியவர்கள் கூறுவதில் உண்மை உண்டு.

ஆயினும் அந்தத் தோழமையை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைப்பது முறையாகாது. மழை அடித்தால் பாய் நனையும். நடுவயதுப் பெண்ணொருத்தி கணவனிடம் போய்ச் சேர வேண்டுமானால், ஆயிரம் ஆடவருக்கு நடுவே ஒரு புடைவையைத் திரையாகக் கட்டிக்கொண்டு இரவுகளைக் கழிக்க வேண்டும். நம் ஊர்ப் பெண்டிரில் மிகப் பலர் சபரை அறியாமலே கரையில் தங்கிவிட்டதற்கு மார்க்கமும் வழக்கமும் காரணம் என்று எழுதுகிறார்கள். சாவி இல்லாத கப்பலும் ஒரு காரணம் என்று நாம் எண்ணுகிறோம். அது மட்டுமன்று. பினாங்கை அடைந்ததும் டெக் பயணிகள் அம்மை, காலரா அச்சத்தின் பேரால் ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூருக்குப் போனவர்கள் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் தடுத்து வைக்கப்பட்டனர். அறைப் பயணிகளுக்குப் பெரும்பாலும் அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. நோய்க்கிருமி சீட்டின் வகுப்பைப் பார்த்து ஏறுவதில்லை, அதிகாரிகள் பார்த்தார்கள். ஆகவே, நாலு காசு சேர்ந்த சபுராளி ஒருவர் அடுத்த முறை இரண்டாம் வகுப்பில் வர ஆசைப்பட்டாரென்றால், அதை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியுமா? மெத்தைக்குக் கொடுத்த விலையில் மானத்தின் விலையும் சேர்ந்தே இருந்தது.

டெக் பயணியின் உயிர் எந்த அளவுக்கு மலிவாகக் கருதப்பட்டது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1880ஆம் ஆண்டு 'ஜித்தா' என்னும் நீராவிக் கப்பல், 900க்கு மேற்பட்ட ஹாஜிகளுடன் பினாங்கிலிருந்து செங்கடல் நோக்கிச் சென்றது. ஆப்பிரிக்க முனையருகே புயலில் நீர் புகுந்தது. கப்பலின் ஐரோப்பியத் தலைவரும் அதிகாரிகளும் உயிர்ப்படகில் இறங்கி, ஹாஜிகளை விட்டுவிட்டுப் போனார்கள். ஏடன் சேர்ந்ததும் கப்பல் மூழ்கிவிட்டது, எல்லாரும் மாண்டனர் என்று அறிவித்தார்கள். மறுநாளே அந்தக் கப்பல், நீரை இறைத்து இறைத்துத் தம்மைக் காத்துக்கொண்ட ஹாஜிகளுடன், வேறொரு கப்பலால் இழுக்கப்பட்டு அதே ஏடனுக்கு வந்து சேர்ந்தது! ஜோசப் கான்ராட் 1900ல் வெளியிட்ட 'லார்டு ஜிம்' நாவலுக்குக் கரு இதுவே. அந்நாவல் ஓடிப்போன அதிகாரியின் மனவேதனையைத்தான் பெரிதாகப் பேசுகிறது. தண்ணீர் இறைத்தவர்களின் கதையை எழுத ஆளில்லை.

இத்தகைய செய்திகள் பெருகியதால் இந்திய அரசு 1886ல் ஹஜ் பயண ஏற்பாட்டை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. எந்த நிறுவனம்? தாமஸ் குக் கம்பெனி! நைல் நதியில் ஐரோப்பியச் செல்வர்களைச் சிறு நீராவிக் கப்பல்களில் ஏற்றி, மெத்தையும் விருந்தும் நூலகமுமாகப் பிரமிடுகளையும் கோவில்களையும் காட்டிவந்த அதே நிறுவனம். இன்று நம் மாணவர்கள் கைப்பேசியில் கண்டு ஏங்கும் சிறு கப்பல் உல்லாசத்துக்கு முன்னோடி அந்த நைல் கப்பல்களே எனலாம். ஒரே நிறுவனத்தின் கணக்கேட்டில் ஒரு பக்கம் மிஸ்ரு தேசத்து உல்லாசப் பயணி. மறு பக்கம் பம்பாயில் பாய்ச்சுருளுடன் காத்திருக்கும் ஹாஜி. இரண்டாவது பக்கத்தில் வரவைவிடச் செலவு மிகுந்தது. 1893ல் அந்த ஏற்பாடு முடிந்தது. நைல் கப்பல்கள் தொடர்ந்து ஓடின.

நம் கரையில் இன்னொரு வழியும் முயலப்பட்டது. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906ல் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனி, பத்து லட்ச ரூபாய் மூலதனத்தை 25 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தது. 25 ரூபாய் அன்று சிறு தொகையன்று. என்றாலும் ஒரு நடுத்தரக் குடும்பம் கப்பலுக்குப் பங்காளியாகலாம் என்ற எண்ணமே புதிது. ஹாஜி முஹம்மது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு இரண்டு லட்சம் கொடுத்தார். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, இறுதியில் இலவசமாக ஏற்றி ஒரு குடையும் தந்தது என்று சொல்வார்கள். குடைக்கு மயங்கியவர்களை நாம் எளிதில் பழிக்க முடியவில்லை. கட்டணம் தலைக்கு மேல் நிற்கும்போது கொள்கையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது எல்லாருக்கும் இயலுவதன்று. ஆனால் சுதேசிக் கப்பல் ஒழிந்தபின் குடை தர யாரும் வரவில்லை.

இனி, கப்பல்கள் போன கதையைச் சுருங்கச் சொல்லலாம். ரஜூலா 1973ல் இந்தியக் கப்பல் கழகத்துக்குக் கைமாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த 'சிதம்பரம்', பிரெஞ்சுக்காரர்கள் 1966ல் 'பாஸ்தர்' என்னும் பெயரில் தென்னமெரிக்கப் பயணத்துக்காக ஓடவிட்ட அழகிய கப்பல். அறைகள் சிலவற்றை வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் அடுக்குப் படுக்கைகளைப் பொருத்தினார்கள். பாய் விரித்த தலைமுறைக்கு அந்த அடுக்குப் படுக்கையே ஒரு படி உயர்வு. 1985 பிப்ரவரியில் அக்கப்பலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அது மீண்டும் ஓடவில்லை. நாகப்பட்டினத்துக்கும் மலேயாவுக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்து அதோடு முடிந்தது. பம்பாயிலிருந்து ஹாஜிகளைக் கொண்டுசென்ற கப்பல் வழியும் 1995ல் நின்றது. விமானம் விரைவானது; குடியேற்றச் சட்டங்கள் இறுகின; ஆகவே போவோர் தொகையும் மாறிற்று. காரணங்கள் தெளிவு. ஆனால் விளைவு ஒன்றை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் கடலில் இடம் தந்த சீட்டு ஒழிந்தது. அந்தச் சீட்டு மோசமானதுதான். அதைத் திருத்தி, திரையும் சாவியும் சேர்த்து, மலிவாகவே வைத்திருக்க முடியுமா என்று முயன்று பார்க்குமுன் அது இல்லாமலே போயிற்று.

எஞ்சியது மறுமுனை மட்டுமே. 2023 ஜனவரி 13 அன்று வாரணாசியில் புறப்பட்ட 'கங்கா விலாஸ்' என்னும் நதிக்கப்பலில் 18 அறைகள், 36 பயணிகள். வங்கதேசத்தின் வழியே திப்ருகர் வரை 51 நாள் பயணம். ரஜூலாவின் 5,000 எங்கே, இந்த 36 எங்கே! நம் காவிரியில் இத்தகைய கப்பல் மிதக்க வழியில்லை. கல்லணைக்குக் கீழே கிளைகிளையாகப் பிரிந்து வயல்களுக்கே தன்னைக் கொடுத்துவிட்டு, பூம்புகாரில் ஓடைபோலக் கடலைத் தொடுகிறது. திருவாரூர் வழியே ஓடும் ஓடம்போக்கி ஆறு தன் பெயரில் மட்டும் ஓடத்தை வைத்திருக்கிறது.

சிறு கப்பல் கட்டும் திறம் நமக்கு இல்லாமல் இருந்ததில்லை. நாகைக்கு எதிர்க்கரையான யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர்கள் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்மரக் கப்பலை, உலகம் சுற்றுவதில் விருப்பமுடைய அமெரிக்கச் செல்வர் ஒருவர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் செலுத்திச் சென்று, 1938ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையில் கொண்டுபோய் விட்டார்கள். உல்லாசத்துக்காக வாங்கப்பட்ட கப்பலில் அட்லாண்டிக் கடலைக் கண்ட தமிழர்கள், அதிலும் கூலிக்கே போனார்கள்.

வீண் செலவு கூடாது என்பதில் நமக்கு ஐயமில்லை. கடன் வாங்கிக் கப்பலில் விருந்துண்ணச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் ஒரு குடும்பம் சீட்டுக் கட்டிச் சேர்த்து, கணவனும் மனைவியும் பிள்ளைகளும் கடலை ஒருமுறை அதன் மேலிருந்தே பார்க்க விரும்பினால், அவ்விருப்பத்தைப் பரிகசிக்க மாட்டோம். சபுராளியின் மனைவி பார்க்காத கடல் அது.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடப்பட்டது. சில நாள்களில் பருவநிலையால் நின்று, 2024 ஆகஸ்டு 16 அன்று 'சிவகங்கை' என்னும் கப்பலுடன் மீண்டும் தொடங்கிற்று. ஏறத்தாழ 60 கடல் மைல். நான்கு மணி நேரம். 150 பேருக்கு இருக்கை. அறை இல்லை, பாய் விரிக்கவும் இடமில்லை. கழிப்பிடம் உண்டு, உள்ளே தாழ்ப்பாள் உண்டு. தோணியில் அலையைக் கடந்து தொங்கும் ஏணியைப் பற்றி ஏறிய அதே நாகையில், இன்று கடுவையாற்றுத் துறையிலிருந்து பெண்கள் கைக்குழந்தையோடு நடந்தே கப்பலுக்குள் செல்கிறார்கள்.